கயிற்றிலிருந்து தொடங்காதீர்கள்

தென்னாபிரிக்காவில் ஒல்லாந்த (டச்சு) வழிக் குடியேறிகள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த ஸ்லாக்டர்ஸ் நெக் கிளர்ச்சியை 40 நிமிடப் பாடவேளையில் படிப்பித்துவிடலாம். மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன் நான். முதல் தடவை கெடுத்துவிட்டேன். தூக்குக் கயிறு அறுந்ததில் தொடங்கினேன். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் கயிற்றைப் பற்றியே பேசினார்கள்.

கரும்பலகையில் 1815 என்று மட்டும் எழுதுங்கள். 'கண்டி ஒப்பந்தம்!' என்று பின்வாங்கிலிருந்து குரல் வரும். கண்டி பிரித்தானியர் கைக்குப் போன ஆண்டும் அதுதான், ஆட்சியும் பிரித்தானியருடையதுதான். இடம் மட்டும் தென்னாபிரிக்காவின் கேப் என்று சொல்லுங்கள். மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த 1795இலேயே கேப்பையும் பிடித்தார்கள். இடையில் திருப்பிக் கொடுத்து 1806இல் மீண்டும் எடுத்ததற்கு ஒரு வசனம் போதும்.

அடுத்து, வெண்கட்டியால் ஒரு வளைந்த கோடு: கிரேட் ஃபிஷ் ஆறு. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை, மேற்குக் கரையான படுவான்கரை தெரிந்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மேற்கே ஒல்லாந்த வழிக் குடியேறிகள், கிழக்கே ஆப்பிரிக்க இனத்தவரான கோசா மக்கள்.

இப்போது பூயியைக் கொண்டுவாருங்கள். இங்கேதான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். பூயி, அந்த மண்ணின் பழங்குடியான கொய்கொய் இனத்து வேலையாள். தன் எசமான் ஃபிரெடரிக் பெசெய்டன்ஹௌட் கொடுமைப்படுத்துவதாக அதிகாரிகளிடம் முறையிட்டார். எசமானோ அழைப்பாணைகளை மதிக்கவே இல்லை. 'வயலில் நின்றவர் போடியார்மேல் (நிலச்சொந்தக்காரர்மேல்) வழக்கு வைத்தால் ஊர் என்ன சொல்லும்?' என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் நில்லுங்கள். என் வகுப்பில் படுவான்கரைப் பிள்ளைகள்தான் முதலில் கை உயர்த்துவார்கள்.

1815 ஒக்டோபரில் ஃபிரெடரிக்கைப் பிடிக்கப் படை போனது. அதில் கொய்கொய் சிப்பாய்களும் இருந்தார்கள். குடியேறிகளின் ஆத்திரத்துக்கு அது ஒன்றே போதும் என்பது என் கருத்து. குகைக்குள் பதுங்கிச் சுட்டவர் சுடப்பட்டு இறந்தார். சகோதரர் யொஹானஸ் பழிவாங்கச் சபதமெடுத்தார். கோசாத் தலைவர் கைகாவிடம் உதவி கேட்டார்கள், அவர் பிடிகொடுக்கவில்லை. நவம்பர் 18இல் ஏறத்தாழ 60 பேர் ஸ்லாக்டர்ஸ் நெக்கில் திரண்டு, படையைக் கண்டதும் ஒரு பகுதியினர் சரணடைந்தார்கள். யொஹானஸ் சில நாள் கழித்துச் சண்டையிட்டு மடிந்தார். இதையெல்லாம் ஓட்டமாகச் சொன்னால் போதும்.

கடைசி 5 நிமிடத்தில் கயிறு. 1816 மார்ச் 9, தூக்குமேடையில் கிளர்ச்சிக்காரர் ஐவர். நால்வரின் கயிறு அறுந்தது. கூடிநின்றவர்கள் கருணை கேட்டு அழுதும் அவர்களை மறுபடி தூக்கிலிட்டார்கள். பின்னாளில் அந்தக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர்கள் இவர்களைத் தியாகிகளாகக் கொண்டாடியதையும் சொல்லுங்கள்.

வீட்டுவேலைக்கு, கிளர்ச்சியின் காரணத்தை அரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பூயியின் பெயர் இல்லாத தாளுக்கு நான் இரண்டு புள்ளி குறைப்பேன்.