விண்டோஸ் சர்வரில் டிஎச்சிபி: தானாக ஐபி கொடுக்க வைப்பது எப்படி

நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்கு ஐபி எண்ணைத் தானாகக் கொடுக்கும் வசதிதான் டிஎச்சிபி. சர்வரைத் தொடும் முன் ஒரு தாளில் ஐபி எண்களைப் பங்கு பிரித்துவிடுங்கள். 192.168.10.0/24 என்ற நெட்வொர்க், அதாவது 192.168.10.1 முதல் 192.168.10.254 வரை, என்று வைத்துக்கொள்வோம். .1 ரௌட்டருக்கு. .2 முதல் .49 வரை சர்வர், சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட், சிசிடிவி ரெக்கார்டர் என எண் மாறக் கூடாதவற்றுக்கு. .50 முதல் .220 வரையுள்ள 171 எண்கள் டிஎச்சிபி பங்கிட. மிச்சத்தைத் தொடாதீர்கள், பின்னால் கைகொடுக்கும். டிஎச்சிபி சர்வருக்கு மட்டும் கையால் நிலையான ஐபி போட வேண்டும். இங்கே அது 192.168.10.5.

நிறுவுவது சுலபம். சர்வர் மேனேஜரில் 'ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' போய் 'டிஎச்சிபி சர்வர்' என்பதை டிக் செய்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போய் இன்ஸ்டால் கொடுங்கள். முடிந்ததும் மேலே கொடிப் படத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியும். அதைச் சொடுக்கி 'கம்ப்ளீட் டிஎச்சிபி கான்ஃபிகரேஷன்' வரை முடியுங்கள். பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆக்டிவ் டைரக்டரி (கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள இடத்தில் சர்வர் 'ஆத்தரைஸ்' ஆவது, அதாவது எண் கொடுக்க அனுமதி பெறுவது, இந்தக் கட்டத்தில்தான். ஆகாவிட்டால் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு கணினிக்கும் எண் போகாது. ஈவன்ட் வியூவரில் 1046 என்ற பதிவு விழுந்திருக்கும்.

அடுத்து டூல்ஸ் மெனுவில் டிஎச்சிபியைத் திறந்து, 'ஐபிவி4' மேல் வலது சொடுக்கு, 'நியூ ஸ்கோப்' (ஸ்கோப் என்பது டிஎச்சிபி பங்கிடும் எண்களின் வரம்பு). தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் கொடுங்கள். கீழே சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க் எதுவரை என்று காட்டும் எண்) தானாக நிரம்பும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 10-இல் தொடங்கும் எண் கொடுத்தால் 255.0.0.0 என்று போட்டுக்கொள்ளும். ஸ்கோப் உருவான பிறகு மாஸ்க்கை மாற்ற வழியில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

லீஸ் காலம், அதாவது ஒரு கணினி தான் வாங்கிய எண்ணை வைத்திருக்கும் காலம், 8 நாள் என்று இருக்கும். நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் கணினிகளுக்கு அது சரி. விருந்தினர் வைஃபைக்கு 4 முதல் 8 மணி நேரம் போதும்: இன்றைய ஃபோன்கள் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியின் அடையாள எண்) மாற்றி மாற்றிக் காட்டுவதால், ஒரே ஃபோன் பல எண்களைப் பிடித்துவைக்கலாம். பாதிக் காலம் கழிந்ததும் கணினி லீஸைப் புதுப்பிக்க வரும். ஆகவே 8 நாள் லீஸில் டிஎன்எஸ் (பெயர்களுக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் சர்வர்) எண்ணை மாற்றினால், அணைக்காமலே ஓடும் கணினிக்கு அது போய்ச் சேர 4 நாள்கூட ஆகலாம். மாற்றம் வரப்போவது தெரிந்தால், ஒரு வாரம் முன்பே லீஸைக் குறைத்துவிடுங்கள்.

'ரௌட்டர்' என்ற இடத்தில் 192.168.10.1 போடுங்கள். டிஎன்எஸ்ஸில் டொமைன் கன்ட்ரோலரின் (ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்) எண் மட்டும் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8 சேர்ப்பது கெட்ட பழக்கம். கணினி அதற்குத் தாவும் நேரத்தில் டொமைனைக் கண்டுபிடிக்க முடியாமல் லாகின் தடுமாறும்.

ஸ்கோப்பை ஆக்டிவேட் செய்யும் முன் பழைய ரௌட்டரில் உள்ள டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும் கணினிகளோடு மோதாமலிருக்க, 'ஐபிவி4' ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் கான்ஃப்ளிக்ட் டிடெக்‌ஷனை 1 என்று வையுங்கள். எண்ணைக் கொடுக்கும் முன் சர்வர் பிங் செய்து பார்க்கும். ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருந்தால் இதுவும் ஏமாறும். அப்போது எண்ணை வாங்கிய கணினியே மோதலைக் கண்டு திருப்பிவிட, லீஸ் பட்டியலில் 'பேட் அட்ரஸ்' என்று நிற்கும்.

பிரின்டருக்குக் கையால் ஐபி போடாமல் ரிசர்வேஷன் செய்யுங்கள், அதாவது அதன் மேக் முகவரிக்கு எப்போதும் ஒரே எண் போகும்படி ஒதுக்கிவையுங்கள். அது ஏற்கெனவே எண் வாங்கியிருந்தால், லீஸ் பட்டியலில் வலது சொடுக்கி 'ஆட் டு ரிசர்வேஷன்' கொடுத்தால் போதும், மேக் முகவரியைத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.

கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் சர்வரின் பதில் வந்து சேரவில்லை என்று பொருள். ஸ்கோப் ஆக்டிவா, எண்கள் தீர்ந்துவிட்டனவா, ஃபயர்வாலில் யுடிபி 67 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு விலானில் (சுவிட்சில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) உள்ள கணினி என்றால், எண் கேட்டு அது எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் ரௌட்டரைத் தாண்டாது. அந்த விலானின் கேட்வேயில் டிஎச்சிபி ரிலே (கேள்வியைச் சர்வருக்குக் கடத்தும் வசதி) வைத்து 192.168.10.5-ஐக் காட்ட வேண்டும். அந்த விலானுக்குத் தனி ஸ்கோப்பும் வேண்டும்.

எண் வருகிறது, ஆனால் 192.168.0 அல்லது 192.168.1 என்று சம்பந்தமே இல்லாமல் வருகிறதா? கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்து 'டிஎச்சிபி சர்வர்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் சர்வர் எண் இல்லையென்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். அந்த எண்ணின் மேக் முகவரியை 'ஏஆர்பி' கட்டளையில் எடுத்து, சுவிட்சின் மேக் டேபிளில் தேடினால் போர்ட் தெரிந்துவிடும். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், மேசைக்கு அடியில் வைஃபைக்காக யாரோ செருகிய சின்ன ரௌட்டர் இருக்கும், கேபிள் அதன் லேன் ஓட்டையில். இது திரும்பத் திரும்ப நடக்கும் இடம் என்றால் சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை (நம்பாத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதிலைத் தடுக்கும் வசதி) போட்டுவிடுங்கள். சர்வர் இருக்கும் போர்ட்டையும் அதை நோக்கிப் போகும் அப்லிங்க் போர்ட்டுகளையும் 'ட்ரஸ்டட்' ஆக்கிய பிறகே அதைப் போட வேண்டும். மறந்தால் உங்கள் சொந்த சர்வரின் பதிலையே சுவிட்ச் தடுத்துவிடும்.