எடைக்குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு முள் நகரவில்லையா? என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்

சர்ஜரி முடிந்த முதல் சில மாதங்கள் எடை மளமளவென்று இறங்கும். பழைய சட்டைகள் தொளதொளவென்று தொங்கும். பிறகு ஒரு நாள் எடை மெஷின் 82 கிலோவில் நிற்கும். அடுத்த வாரமும் 82. அதற்கடுத்த வாரம் 82.4. உடனே பலரும் செய்கிற காரியம், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இதயத்துக்குச் செய்வதல்ல, வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) செய்து, டாக்டர் வழக்கமான சாப்பாட்டுக்கு அனுமதி தந்துவிட்டவர்களுக்கான விளக்கம் இது. இன்சுலின் போடுபவர்கள், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் கீழே உள்ள எதையும் மாற்ற வேண்டாம்.

படி 1: நிஜமாகவே நின்றிருக்கிறதா?

பாதிப் பேருடைய கவலை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரே ஒரு நாள் எடை பாருங்கள். காலையில் பாத்ரூம் போய்வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில். மெஷின் டைல்ஸ் தரையில் இருக்க வேண்டும். மிதியடி மேலோ பாய் மேலோ வைத்தால் தப்புக் காட்டும். அதே நாளில் தையல் டேப் எடுத்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம், மலச்சிக்கல், முந்தைய நாள் சாப்பிட்ட ஊறுகாய், கருவாடு என்று எதுவும் ஒன்று இரண்டு கிலோ கூடுதலாகக் காட்ட வைக்கும். அதனால் தினமும் மெஷின் மேல் ஏறுவது மனக்கஷ்டத்துக்குத்தான் வழி. நாலு வாரம் தொடர்ந்து எடையும் இறங்கவில்லை, இடுப்பளவும் இறங்கவில்லை என்றால் மட்டுமே அதைத் தேக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடை நின்று, டேப் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. செய்துகொண்டிருப்பதையே தொடரலாம்.

படி 2: எத்தனையாவது மாதம் என்று பாருங்கள்

சர்ஜரி முடிந்து மூன்றாவது வாரத்தையொட்டி ஒரு நிறுத்தம் வரும். அது பலருக்கும் வருவதுதான். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரை கிலோ அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே வைத்திருக்கும். திரவ உணவு நாட்களில் அது காலியாகி, தண்ணீரும் போய்விடுவதால்தான் முதல் வாரங்களில் அத்தனை வேகம். கூழ், மசித்த உணவு என்று ஆரம்பித்ததும் சேமிப்பு திரும்ப நிரம்பும், தண்ணீரும் வந்து சேரும். உள்ளே கொழுப்பு குறைவதை அது மெஷினில் மறைத்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம், தானாக உடையும்.

ஆறாவது மாதத்தை ஒட்டி வருவது வேறு ரகம். 110 கிலோவில் இருந்தவர் 82-க்கு வந்திருந்தால், அதே மூன்று கிலோமீட்டர் நடைக்கு இப்போது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவாகத்தான் எரியும். சுமக்கிற பாரம் குறைந்துவிட்டதல்லவா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிவதும் குறைந்திருக்கும். முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு, இப்போது எடையை அப்படியே நிறுத்திவைக்கிற சாப்பாடு ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை முக்கியமாக இதற்குத்தான்.

ஒன்றரை வருடம் தாண்டியவர்களுக்கு எடை பெரும்பாலும் அதன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அங்கே குறியே வேறு: ஏறாமல் காப்பது.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருடத்தில் ஆரம்ப எடையில் கால் பங்கோ சற்று மேலோ குறைவது வழக்கம். 110-இலிருந்து 82 என்றால் 28 கிலோ, அதாவது 25 சதவீதம். சர்ஜரி தன் வேலையைச் செய்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பைபாஸ் செய்து 45 கிலோ இறக்கினார் என்றால், அவர் எத்தனை கிலோவில் ஆரம்பித்தார் என்று முதலில் கேளுங்கள்.

படி 3: ஏழு நாள் நோட்டு

ஒரு கிச்சன் தராசும் ஒரு நோட்டும் போதும். வாயில் போவது அத்தனையும் எழுதுங்கள், மணியோடு. சமையல் எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள்; 15 மி.லி. எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி, பாத்திரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. இந்த வாரம் சாப்பாட்டை மாற்ற வேண்டாம், எழுதினால் போதும்.

“ரெண்டு இட்லிதான் சாப்பிடுறேன், எப்படி எடை நிக்குது?” என்று கேட்கிறவர்களின் நோட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

காலை 6.30: பால் டீ, 2 ஸ்பூன் சர்க்கரை – 90 கலோரி
8.30: சாம்பாரில் ஊறிய 2 இட்லி – 170
11.00: டீ, தோய்த்துச் சாப்பிட்ட 3 பிஸ்கட் – 170
1.30: குழைந்த ரசம் சாதம் அரை கப், உருளைக்கிழங்கு வறுவல் – 210
4.30: டீ, ஒரு கைப்பிடி மிக்சர் – 250
8.00: ஒரு தோசை, தேங்காய் சட்னி – 220
படுக்கும் முன்: சர்க்கரை போட்ட பால் – 120

மொத்தம் 1,230. மூன்று வேளைச் சாப்பாடு 600. நடுவில் வந்தவை 630. அவர் சொன்னது பொய்யில்லை, சாப்பாடு நிஜமாகவே கொஞ்சம்தான். ஆனால் டீயையும் மிக்சரையும் சாப்பாட்டில் அவர் சேர்க்கவே இல்லை. புரதத்தைக் கூட்டினால் நாள் முழுக்க சுமார் 35 கிராம். தேவை குறைந்தது 60 முதல் 80.

இந்தப் பட்டியலில் ஊறிய இட்லி, தோய்த்த பிஸ்கட், குழைந்த சாதம் மூன்றும் ஒரே குடும்பம். ஸ்லீவுக்குப் பிறகு வயிறு வாழைப்பழம் மாதிரி ஒரு குறுகிய குழாய். கெட்டியான உணவு அதில் தங்கி நின்று நிறைவு தரும். நெகிழ்ந்தது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். கஞ்சி, ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ், ஜூஸ் எல்லாம் இதே கதைதான். “லைட்டா கஞ்சி குடிச்சுக்கறேன்” என்பது சர்ஜரிக்கு முன் நல்ல யோசனையாக இருந்திருக்கலாம். இப்போது இல்லை.

படி 4: புரதத்தை முதலில் வையுங்கள்

அதே ஆளின் நாள், திருத்திய பிறகு:

6.30: சர்க்கரை இல்லாத டீ, 100 மி.லி.
8.30: 2 முட்டை, ஒரு இட்லி, கெட்டிச் சாம்பார் (புரதம் 16 கிராம்)
11.00: வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுத்த புரதப் பொடி) ஒரு ஸ்கூப், 200 மி.லி. தண்ணீரில் (23)
1.30: குழம்பு மீன் துண்டுகள் 80 கிராம், பொரியல் 3 ஸ்பூன், சாதம் 2 ஸ்பூன் (17)
4.30: சுண்டல் 60 கிராம், அரை மணி நேரம் கழித்து சர்க்கரை இல்லாத டீ (5)
8.00: பனீர் பொரியல் 60 கிராம், அரை அடை (14)

புரதம் 75 கிராம், கலோரி சுமார் 1,100. கலோரி அப்படியொன்றும் குறையவில்லை, கவனியுங்கள். புரதம் இரட்டிப்பாகியிருக்கிறது, நெகிழ்ந்தவை போயிருக்கின்றன, வயிறு அடுத்த வேளை வரை தாங்கும். 500, 600 கலோரிக்கு இறங்கிப் பட்டினி கிடந்தால் முதலில் போவது தசை. தசை போனால் உடம்பு எரிக்கிற அளவு இன்னும் குறையும், தேக்கம் இறுகும், கூடவே முடியும் கொட்டும். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தண்ணியான சாம்பார் ஒரு கரண்டியில் புரதம் இரண்டு, மூன்று கிராம்தான். “பருப்புதான் தினமும் சாப்பிடுறோமே” என்று நம்பியிருக்க வேண்டாம். மீல்மேக்கர் 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் பொடிமாஸ் மாதிரி செய்தால் தொண்டையில் மாட்டாது. துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரும் கைகொடுக்கும்.

அசைவத்தில் ஒரு வில்லன் உண்டு: ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி சூடாக்கிய கோழி நெஞ்சுக்கறி. காய்ந்து நார்நாராகி நெஞ்சில் நின்றுவிடும். மீன், கொத்துக்கறி, கோழித் தொடைக்கறி எளிதாக இறங்கும்.

படி 5: சாப்பிடுகிற விதம்

டிபன் தட்டு, டீ ஸ்பூன். முதல் பத்து நிமிடம் மீன், முட்டை, பனீர் மட்டும். அடுத்து பொரியல். இடம் இருந்தால் கடைசியில் சாதம். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். ஒரு வாய்க்கு 20 தடவையாவது மெல்ல வேண்டும்.

போதும் என்று வயிறு சொல்வது இப்போது வேறு மாதிரி இருக்கும். திடீர் விக்கல், மூக்கில் நீர், ஒரு தும்மல், நெஞ்சுக்கு நடுவே லேசான அழுத்தம். இவற்றில் எது வந்தாலும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுங்கள். மீந்துபோகிறதே என்று இன்னும் ஒரு வாய் வைத்தால் வாந்தியில் முடியும்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துதான். ரசம், மோர் ஊற்றிப் பிசைந்தாலும் இதே கணக்கு. திரவம் உணவைத் தள்ளிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்த உணர்வு நிற்காது. மற்ற நேரங்களில் வாய் வாயாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடித்துவிடுங்கள்.

படி 6: நடை மட்டும் போதாது

பீச்சில் ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்பார்கள். நல்லது, விட வேண்டாம். ஆனால் தசையைக் காப்பாற்றுவது பாரம் தூக்குகிற பயிற்சி. தையல் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம்:

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடித்து, ஒரு பாட்டில் ஒரு கிலோ, தோளுக்கு மேல் தூக்குவது 10. மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது காலுக்கு 10. ஒரு நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று.

12 தடவை சுலபமாக வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் அதே ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கினால் தசைக்கு அது வேலையே இல்லை. பயிற்சி ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் தசை நீர் பிடிப்பதால் எடை அரை கிலோ ஏறலாம். டேப்பை நம்புங்கள்.

படி 7: மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரும் சில மாத்திரைகள் எடை இறங்குவதைத் தடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியம், இரும்பு மாத்திரைகளிலிருந்து அதை நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டி.எஸ்.ஹெச். (தைராய்டு அளவு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தால் மறுபடி பார்க்கக் கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் பயிற்சி செய்யவே தெம்பு இருக்காது.

மதுவைப் பற்றி ஒரு வரி: சர்ஜரிக்குப் பிறகு அது சீக்கிரம் ஏறும், ஒரு கிராமுக்கு 7 கலோரி, கூடவே சைட் டிஷ்.

செய்யவே கூடாதது

“ஐந்து நாள் திரவம் மட்டும் குடித்தால் வயிறு மறுபடி சுருங்கும்” என்ற வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வயிறு அப்படிச் சுருங்காது. போவது கிளைக்கோஜனும் தண்ணீரும். ஆறாம் நாள் திரும்பி வந்துவிடும். பேதி மாத்திரை, எடைக்குறைப்புப் பொடி வகையறாவும் வேண்டாம். எடை குறைக்கும் வாராந்தர ஊசிகள் சிலருக்கு உதவுகின்றன, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் சர்ஜனும் சர்க்கரை டாக்டரும்.

எப்போது டாக்டர்?

ஒரு நாளுக்கு மேல் நிற்காத வாந்தி என்றால் காத்திருக்கவே வேண்டாம். பி1 வைட்டமின் வேகமாகக் குறைந்து நரம்பைப் பாதிக்கும். தண்ணீரே இறங்கவில்லை, கடும் வயிற்றுவலி, கருப்பாக மலம் என்றாலும் அன்றைக்கே போக வேண்டும். முன்பு அரை கப்பில் நிறைந்த வயிறு இப்போது கெட்டி உணவிலேயே இரண்டு கப் தாங்குகிறது என்றால் வயிற்றின் அளவை எண்டோஸ்கோபியிலோ பேரியம் எக்ஸ்ரேயிலோ பார்ப்பார்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் 3 முதல் 6 வரையிலான படிகளை நாலு வாரம் விடாமல் செய்துவிட்டு மறுபடி டேப் வைத்துப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் ரிவ்யூவுக்குப் போகும்போது நோட்டு, மாத்திரை அட்டைகள், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எடுத்துப்போங்கள். நோட்டில் மிக்சரையும் சேர்த்தே எழுதியிருங்கள். டயட்டீஷியன் முதலில் தேடுவது அதைத்தான்.