பண்ணை மாளிகை விடுதியின் முழு வரலாற்றைத் தேடி அறிவது எப்படி?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 1861இல் உள்நாட்டுப் போர் மூள்வதற்கு முன்பு பருத்தியிலும் கரும்பிலும் வந்த பணத்தைக் கொண்டு எழுப்பப்பட்ட மாளிகைகள் பல, இன்று ஆடம்பர விடுதிகளாக நடந்துவருகின்றன. விடுதியின் கையேடு பெரும்பாலும் முதலாளியின் பெயரோடும் தூண்களின் அழகோடும் நின்றுவிடும். அந்தச் செல்வத்தை உண்டாக்கியவர்கள் அங்கே அடிமைப்படுத்தப்பட்டிருந்த மக்கள். அவர்களைத் தேடாமல் எழுதப்படும் வரலாறு அரைகுறையானது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அந்த மாளிகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கட்டிய காலம், கைமாறிய விவரம், பிற்காலத்தில் செய்த மாற்றங்கள் ஆகியவற்றை அதன் முன்மொழிவுப் படிவத்திலேயே படிக்கலாம். அடுத்து, 1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட ஆவணப் பணியின் வரைபடங்களும் புகைப்படங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீ விபத்துக்கும் வெப்பத்துக்கும் அஞ்சித் தனியே கட்டப்பட்ட சமையற்கட்டும் அடிமைகளின் குடிசைகளும் எங்கே இருந்தன என்பதை, அந்த மாளிகைக்கு அத்தகைய வரைபடம் இருந்தால், இன்றைய வளாகத்தோடு ஒப்பிட்டு அறியலாம்.

மிக முக்கியமான சான்றுகள் கவுண்டி நீதிமன்றத்தில்தான் இருக்கின்றன (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு; லூசியானாவில் கவுண்டிக்குப் பதிலாக பாரிஷ் என்பார்கள்). முதலாளி இறந்தபோது எடுக்கப்பட்ட சொத்து மதிப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கோவேறு கழுதைகளும் நாற்காலிகளும் எழுதப்பட்ட அதே பட்டியலில், மனிதர்களின் பெயர்களும் எதிரே டாலர் மதிப்பும் எழுதப்பட்டிருக்கும். படிக்க மனம் கனக்கும். ஆயினும் பெயர்கள் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். ஏனெனில் 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் ஆகியவையே பதிவாகின. அடிமைகளின் பெயர்கள் அநேகமாக இல்லை. 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு பதிவானார்கள். ஆகவே 1860இல் இருபது வயதுடையவராகக் குறிக்கப்பட்டவரை, 1870இல் அதே வட்டாரத்தில் முப்பது வயதை ஒட்டியவர்களிடையே தேட வேண்டும். குடும்பப் பெயர் முதலாளியின் பெயராகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் வேறு பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். 1865இல் நிறுவப்பட்ட விடுதலை பெற்றோர் பணியகத்தின் கூலி ஒப்பந்தங்களும் இந்தத் தேடலுக்குத் துணை நிற்கும்.

இந்தத் தேடலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு லூசியானாவின் நாட்டோவே மாளிகை ஒரு சான்று. ஹென்றி ஹோவர்டின் வடிவமைப்பில் 1859இல் கட்டி முடிக்கப்பட்டு, பின்னாளில் விடுதியாக நடந்த ஏறத்தாழ 53,000 சதுர அடிக் கட்டடம் அது. அதன் உரிமையாளரிடம் 155 பேர் அடிமைகளாக இருந்ததை 1860 கணக்கெடுப்பு காட்டுகிறது. 2025 மே மாதத்தில் அந்த மாளிகை தீக்கிரையானது. இனி அதைப் பற்றி அறிய ஆவணங்களையே பெரிதும் நாட வேண்டும்.

வீடு விடுதியான கதைக்கு மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகுங்கள். வரலாற்றுச் சிறப்புடையவை எனச் சான்று பெற்ற, வருமானம் ஈட்டும் கட்டடங்களைச் சீரமைப்போருக்கு அமெரிக்க நடுவண் அரசு 20 விழுக்காடு வரிச்சலுகை தருகிறது. அதைக் கோரியிருந்தால், வேலைக்கு முந்தைய புகைப்படங்களும் செய்த பணிகளின் விவரமும் கோப்பில் இருக்கும். எது பழையது, எது புதிதாகச் சேர்த்தது என்பது அதில் விளங்கிவிடும்.

நேரில் சென்றால் சுவரின் செங்கற்களைக் கூர்ந்து பாருங்கள். ஈரமண்ணாக இருந்தபோது பதிந்த, அவற்றைச் செய்த அடிமைகளின் விரல் தடங்கள் சில கட்டடங்களில் இன்றும் தெரிகின்றன. பெயர்களைக் கண்டறிந்தால், எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் கிடைத்தன என்ற குறிப்போடு ஒரு படியை விடுதி நிர்வாகத்திடமும், இன்னொன்றை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடமும் கொடுங்கள்.