ஸ்கேனில் விழுந்த கறுப்புக் கோடு

மூன்று நாள் வீணானது. பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு. பின்களைக் கழற்றி, மடிப்புகளை நீவிப் பார்த்தேன். மெஷினில் தாள் வைக்கும் பெரிய கண்ணாடியைத் துடைத்தேன். அச்சுக்கான மைப்பொடியான டோனரைக்கூட மாற்றினேன், ஆனால் ஸ்கேனுக்கு டோனர் தேவையே இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் கோடு இல்லை, மேல் தட்டில் அடுக்கி உள்ளே இழுக்கவிட்டால் மட்டும் வருகிறது. அப்போது தாள்தான் நகர்கிறது, தாளைப் படிக்கும் சென்சார் ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் ஒரு புள்ளி அழுக்குகூடக் கோடாக நீண்டுவிடும்.

பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம், விரல் அகலத்தில் தனியாக ஒரு கண்ணாடிப் பட்டை. பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. நகத்தால் மெல்லத் தடவியபோது தட்டுப்பட்டது, கடுகைவிடச் சின்னதாக, தூசு ஒட்டி இறுகிய பசை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதிலிருந்து வந்திருக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை லேசாக நனைத்துத் துடைத்தேன். கோடு போய்விட்டது, அப்பாடா!

பசையோ ஒயிட்னரோ காயாத தாளை இப்போது மேல் தட்டில் வைப்பதே இல்லை.