ஹெரால்டைக் கழற்றும் முன்: பழைய கார் சீரமைப்பில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

வேலூர்ப் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே சீர்படுத்தி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்குக் கூரை மடங்கும் வெளிநாட்டு வண்டி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. தேடினால் அகப்படக்கூடியது, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல எனக்கே வாய் வராது என்றாலும், உறவுமுறை உண்டு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரயம்ஃப் ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை வண்டியைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. இரண்டிலுமே சேஸி தனி, பாடி தனி. போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பதால் ஹெரால்டின் 948 சிசி எஞ்சினை நின்றவாக்கில் எட்டித் தொடலாம். இப்படிக் கழற்றுவதற்கு எளிதாக இருப்பதே புதியவரைக் கெடுக்கிறது.

அதற்கும் முன்னால் வாங்கும்போதே ஒரு தவறு நடந்துவிடுகிறது. பெயிண்டைப் பார்த்தும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டும் மயங்கி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். இந்த வெயிலில் இரும்பு எங்கே துருப்பிடிக்கப் போகிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் பலருக்கு உண்டு. ஆனால் தார்ப்பாய் போர்த்திப் பல ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்த வண்டியில் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சேஸியின் குறுக்குச் சட்டங்களையும் டிக்கியின் தரையையும் கதவின் அடிவிளிம்பையும் தின்றிருக்கும். மேலே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இரும்புக்கு மேல் பட்டிதான் தடித்திருக்கிறது. எஞ்சினை ஒரு நல்ல லேத் பட்டறையில் மீட்டுவிடலாம். சேஸி போனால் செலவுக்குக் கணக்கே இல்லை.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடாமல் வாங்குவது அடுத்த பிழை. பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு வண்டியின் எஞ்சினைப் போட்டு ஓட்டியவர்கள் நிறைய; ஆவணத்தில் அதைப் பதிந்தவர்கள் குறைவு. 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது. காட்சிக்கா, அன்றாட ஓட்டத்துக்கா இந்த வண்டி என்று முதலிலேயே முடிவு செய்யாதவர் பிறகு இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார்.

இனிக் கழற்றும் கதைக்கு வருகிறேன். காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ஒரு பொங்கல் விடுமுறையின் நான்கு நாளில் என் ஹெரால்டை எலும்புக்கூடாக்கினேன். திரும்பப் பூட்டப் பதினான்கு மாதம் ஆயிற்று. பாடிக்கும் சேஸிக்கும் இடையே போல்ட் வரும் இடங்களில் சின்னச் சின்னத் தகடுகள் இருந்தன. ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் மூன்று. துருப்பிடித்த குப்பை என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அவைதான் கதவு இடைவெளியைச் சமன் செய்ய வைத்தவை என்பது, பாடியை இறக்கிய பிறகு கதவின் மேற்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கும் அடிப்பக்கம் காகிதம்கூட நுழையாத அளவுக்கும் நின்றபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படமெடுத்து, அதன் போல்ட்டுகளைத் தனிப் பையில் கட்டி, எங்கிருந்து வந்தவை என்று அதன்மேல் எழுதிவைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணெய் டின்னில் கொட்டிய பாவி நான்.

போல்ட் பற்றி இன்னொன்று. இவை அங்குலக் கணக்கில் செய்த மரைகள். அரை அங்குலத் தலைக்கு, அதாவது 12.7 மில்லிமீட்டருக்கு, நம்மிடம் இருக்கும் 13 ஸ்பேனரைப் போட்டால் பிடிப்பது போலத் தோன்றும். கெட்டியான போல்ட்டில் அழுத்தியதும் மூலை மழுங்கிவிடும். தொலைந்த 5/16 அங்குல போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட் வாங்கித் திணிப்பது அதைவிட மோசம். விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் 20-ஐச் சற்றே தாண்டும். இரண்டு சுற்று போகும். மூன்றாவதில் உள்மரை சிதைந்துவிடும். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கு ஒரு முறை அலைந்தாலும் சரியான போல்ட்டைத்தான் வாங்க வேண்டும்.

பல ஆண்டு நின்ற எஞ்சினில் புது பேட்டரி வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். சிலிண்டரில் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் அந்த ஒரு திருப்பலில் உடையலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் அது பிளஸ் முனையாக இருக்கும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டரின் உட்சுவர் குழிவிழுந்து, ரப்பர் இறுகிப்போயிருக்கும். மேலோட்டமாகத் துடைத்துப் பூட்டாமல் ரப்பர்களையும் ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரப்பர் ஊதிப்போய் பிரேக் பிடித்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய பெட்ரோல் ஹோஸையும் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தையும் அதைத் தாங்கும் ரப்பராக மாற்றாமல் விடுவது தீ விபத்துக்கே இடம் கொடுக்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கொடுங்கள்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று சீட்டை முதலில் தைக்கக் கொடுப்பதும், பெயிண்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே என்று பாடிக்கு முதலில் நிறம் ஏற்றுவதும் ஒரே வகை அவசரம். வெல்டிங் பொறி ஒன்று தெறித்தால் சீட் போயிற்று. பிரேக் ஆயில் ஒரு துளி சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும். தரைத் தகடு, பிரேக், ஒயரிங் முடிந்து, வண்டி அழகில்லாமலே இரண்டு மாதம் ஓடிய பிறகு பெயிண்டரைக் கூப்பிடலாம். அந்த முதல் ஓட்டத்துக்குப் பெங்களூர் நெடுஞ்சாலை வேண்டாம். விடிகாலையில் நம் தெருவிலேயே முதல் கியரில் நகர்த்தி, பிரேக் மிதித்து, இறங்கிக் குனிந்து, நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.