"ஒங்க தலைவர் மேலதான் நம்பிக்கை இல்ல" என்பவர் வீட்டில் எப்படிப் பேசுவது

எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் ஓட்டுக் கேட்பது சுலபம். நோட்டீசை வாங்கிக்கொண்டு தலையாட்டுவார்கள், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு நிமிடத்தில் அடுத்த வாசல். நம் ஆள் வீட்டில்தான் மாட்டிக்கொள்வோம். "வா தாயி, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். உள்ளே பார்த்து டீ போடச் சொல்வார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்தால் ஆரம்பிக்கப்போகிறார் என்று அர்த்தம். "கட்சியெல்லாம் சரித்தான். ஒங்க தலைவர் மேலதான் எனக்கு நம்பிக்கை இல்ல."

மதுரை பொன்னகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். எனக்குக் கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது. ஆனாலும் 1999இல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மோகன் மதுரையில் எம்.பி.க்கு நின்றபோது சிலிப் கொடுக்கப் போனதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அரிவாள் சுத்தியலுக்காகத் தெருத்தெருவாகப் போயிருக்கிறேன். இந்தத் தடவை புதிதாக வருகிற பிள்ளைகள் நாலு பேர், "அக்கா, அந்தப் பெருசுகள்ட்ட என்ன பேசுறதுன்னே தெரியல" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில், எந்தத் தலைவர் என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் பதில் சொல்ல ஆரம்பித்து அரைமணி நேரம் வீணாக்கியவள் நான். கம்யூனிஸ்ட் கட்சியில் 'தலைவர்' என்று ஒரு பதவியே இல்லை, செயலாளர்தான். ஜனங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒருவர் மாநிலச் செயலாளரைச் சொல்வார். ஒருவர் எம்.பி.யைச் சொல்வார். இன்னொருவர் டெல்லியில் இருக்கிற பொதுச் செயலாளரைச் சொல்வார், பெயர் மட்டும் நாக்கில் வராது. பாதிப் பேர் மனதில் இருப்பவர் நம் கட்சிக்காரரே இல்லை, கூட்டணிக்குத் தலைமை தாங்குகிற கட்சியின் தலைவர். செல்லூரில் ஒரு தறிக்காரர் காலை முழுக்கத் திட்டித் தீர்த்தார். கடைசியில் பார்த்தால் அவர் கோபமெல்லாம் ஸ்டாலின் மேல். நான் அதுவரை அப்போதைய நம் மாநிலச் செயலாளர் பாலகிருஷ்ணனுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.

ஆளைத் தெரிந்துகொண்டீர்களா, அடுத்து கூட்டணிக் கணக்கு. அவர் எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துவிடுங்கள். என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதியது, அப்புறம் நானே தொடர்ந்தேன். 1999 இலை. 2001 இலை. 2004 சூரியன். 2006 சூரியன். 2009 இலை. 2011 இலை. 2014 தனி. 2016 மக்கள் நலக் கூட்டணி, முதல்வர் வேட்பாளர் விஜயகாந்த், ஒரு தொகுதிகூட இல்லை. 2019, 2021, 2024 சூரியன்.

இந்தப் பட்டியலை மதுரைக்காரர் கண்ணால் பாருங்கள். மோகன் 1999இல் இலையோடு சேர்ந்து ஜெயித்தார், 2004இல் சூரியனோடு சேர்ந்து ஜெயித்தார், 2009இல் மறுபடி இலையோடு நின்று அழகிரியிடம் தோற்றார். நன்மாறன் மதுரை கிழக்கில் 2001இல் இலைப் பக்கம், 2006இல் சூரியன் பக்கம், இரண்டு தடவையும் ஜெயித்தார். ஒரே மனிதர், ஒரே சின்னம், ஒரே தெரு. மேடையில் யாரைத் திட்டுவது என்பது மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறியது. மோகனையும் நன்மாறனையும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்தக் கூட்டணியை முடிவு செய்தவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். வேட்பாளர் மேல் நம்பிக்கை, தலைமை மேல் இல்லை என்று ஒருவர் சொன்னால் குழப்பத்தில் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். இருபத்தைந்து வருஷம் பார்த்துவிட்டுப் பேசுகிறார்.

"பெரிய எதிரியைத் தோக்கடிக்கத்தான் கூட்டணி" என்ற பதில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொல்லலாம், ஒரு தடவை மட்டும். இரண்டாவது தடவை சொன்னால் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

வில்லாபுரம் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கூட்டணி என்ற சொல்லுக்கு வேறு எடை. லீலாவதி நெசவுக் குடும்பத்துப் பெண், நம் கட்சியின் மாநகராட்சி உறுப்பினர். குடிதண்ணீருக்காகப் போராடினார், தண்ணீர் விற்றுக் காசு பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23ஆம் தேதி பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் திமுககாரர்கள் இருந்தார்கள். அதே வீதியில் ஏழே வருஷம் கழித்து, 2004இல், சூரியனும் சுத்தியலும் ஒரே தட்டியில். அங்கே போய் 'பாசிச அபாயம்' என்று வாயைத் திறக்காதீர்கள். அபாயம் உண்மைதான், நானும் நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டில் அந்த நேரத்தில் அது பேச்சை அடைக்கிற துணி. சும்மா கேளுங்கள். அவர்கள் பேசி முடிக்க நேரமாகும், ஆகட்டும்.

மூன்றாவது, காசு. இதுதான் இளவட்டங்களுக்குக் கை நடுங்குகிற இடம். 2019 மக்களவைத் தேர்தலுக்கான செலவுக் கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாக திமுகவே தேர்தல் ஆணையத்தில் எழுதிக் கொடுத்தது. இதைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். பெருசுகள் பேப்பரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் எல்.ஐ.சி. பாலிசி இருக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் காட்டினார்.

நான் எப்படிப் பேசுவேன் என்றால், முதலில் ஒத்துக்கொள்வேன். "ஆமா பெரியப்பா, வாங்குனது உண்மை. கணக்குல எழுதுனதாலதான் நமக்கே தெரிஞ்சுச்சு." இது அரை பதில்தான். கணக்கில் இருப்பது வேறு, கூசாமல் இருப்பது வேறு. அவர் கேட்பது சட்டத்தை இல்லை. வாங்கின கை நாளைக்கு நீளுமா என்று கேட்கிறார். அதற்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்கிற தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை திமுக அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியபோது, கூட்டணியில் இருந்துகொண்டே கம்யூனிஸ்ட்டுகள் வெளிநடப்புச் செய்தார்கள். மூன்று நாளில் அரசு அதை நிறுத்தி வைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் நம் தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடத்தியது, அதே திமுக ஆட்சியில். 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில் பாலகிருஷ்ணன், தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாத அவசரநிலையா என்று மேடையிலேயே கேட்டார். திமுக பத்திரிகையான முரசொலி பதிலுக்குக் காய்ச்சி எடுத்தது.

மில் தொழிலாளி வீட்டில் பன்னிரண்டு மணி நேரக் கதையை முதலில் சொல்லுங்கள். எட்டு மணி ஷிப்ட் என்றால் என்ன என்று அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. "சரி, கேட்டாய்ங்க. கேட்டுட்டு வெளிய வந்தாய்ங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். வரவில்லை. "வரல பெரியப்பா" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் வக்கீல் மாதிரி ஆகிவிடும்.

பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத்தில் ஒரு பைசா வாங்காத கட்சி நம்முடையது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன கட்சி, 2024 பிப்ரவரி 15 தீர்ப்பில் அந்தத் திட்டமே செல்லாது என்று ஆனது. இதுவும் நல்ல செய்திதான். ஆனால் 10 கோடி கேள்விக்குப் பதிலாக இதை எடுக்காதீர்கள். சட்டைக் கை சரியில்லை என்று வந்தவரிடம் காலர் எப்படி நிற்கிறது பாருங்கள் என்று சொல்வது போல ஆகும். (எங்கள் தொழிலில் இந்த வித்தையைச் செய்கிறவர்கள் உண்டு. வாடிக்கையாளர் அடுத்த தீபாவளிக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்.)

அடுத்தது செத்தவர்களோடு போட்டி. "நன்மாறன் மாதிரி ஒருத்தரைக் காட்டு பாப்போம்." இரண்டு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வீடு ஒதுக்கித் தரச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுத்தார். 2021இல் போய்ச் சேர்ந்துவிட்டார். சங்கரய்யா அமெரிக்கன் கல்லூரியில் படிக்கும்போதே ஜெயிலுக்குப் போனவர். தகைசால் தமிழர் விருதாக வந்த 10 லட்சத்தை அப்படியே கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்தார், நூறு வயதில். 1952இல் பி. ராமமூர்த்தி ஜெயிலில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்த கதையை அப்பா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இவர்களை அளவுகோலாக வைத்தால் உயிரோடு இருக்கிற எவரும் குட்டைதான்.

வேறு கட்சி ஓட்டர் தன் தலைவரிடம் இதை எதிர்பார்ப்பதில்லை. தலைவர் பத்து காரில் வந்தால் பெருமைப்படுகிறார். சிவப்பு ஓட்டருக்குத் தலைவர் ஒரு காரில் வந்தாலும் யாருடைய கார் என்று தெரிய வேண்டும். இந்தக் கறார் அவருக்குக் கட்சி சொல்லிக்கொடுத்ததுதான், வாசக சாலையிலும் வாயிற்கூட்டத்திலும். அதனால் "காலம் மாறிருச்சு ஐயா" என்று மழுப்பாதீர்கள். பேப்பரைக் காட்டுங்கள். ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், அது தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து நாலு காப்பி பையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கொடுக்க வேண்டிய செலவுக் கணக்கும் உண்டு, அதைக் கேட்கிற அளவுக்குப் போகிறவர் ஆயிரத்தில் ஒருவர். அப்படி ஒருவர் கிடைத்தால் சண்டை போடாமல் தேர்தல் வேலைக்கு இழுத்துவிடுங்கள்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகத் தோன்றுவது. அவநம்பிக்கைக்குப் பெரிய காரணம் தலைவர் எடுத்த முடிவு இல்லை, அந்த முடிவு எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். கம்யூனிஸ்ட் கட்சிகளில் கமிட்டிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். பெரும்பான்மை முடிவு வந்துவிட்டால் வெளியே எல்லாரும் ஒரே குரலில் பேச வேண்டும். டீக்கடையில் போன மாதம் வரை கூட்டணியைக் கிழித்த கிளைச் செயலாளர், இந்த மாதம் அதே டீக்கடையில் அதே கூட்டணிக்கு ஓட்டுக் கேட்கிறார். உள்ளே இருப்பவருக்கு அது கட்டுப்பாடு. தெருவில் இருப்பவருக்கு, "இவனும் நடிக்கிறான், அப்ப மேல இருக்கவனும் நடிக்கிறான்."

அதனால் உள்ளே வாக்குவாதம் நடந்தது என்று சொல்லத் தயங்காதீர்கள், ஊரறிந்த உதாரணங்களே போதும். 1996இல் ஜோதிபாசு பிரதமராக வேண்டாம் என்று மத்தியக் குழு முடிவு செய்தது. அவர் கட்டுப்பட்டார், ஆனால் அது வரலாற்றுத் தவறு என்று பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். 2025 ஏப்ரலில் நம் தமுக்கத்தில் நடந்த அகில இந்திய மாநாட்டில் மத்தியக் குழுவுக்குப் போட்டியே வந்தது. மகாராஷ்டிரத் தோழர் டி.எல். கராட், தலைமை முன்வைத்த பட்டியலை எதிர்த்து நின்று 31 ஓட்டு வாங்கித் தோற்றார். அதே மாநாட்டில் 75 வயது விதிப்படி பிரகாஷ் காரத், பிருந்தா காரத் எல்லாம் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து இறங்கினார்கள், பினராயி விஜயனுக்கு மட்டும் விலக்கு. இதைக் கேட்டால் பெருசுகள் முகம் மாறும், விலக்கைப் பற்றித் திட்டக்கூடச் செய்வார்கள். திட்டட்டும். இருட்டறை என்று நினைத்த இடத்தில் ஜன்னல் தெரிந்தால் முதலில் ஒட்டடைதான் கண்ணில் படும்.

சொல்லக் கூடாதவை சில. "அப்ப அவய்ங்களுக்கே போடுங்க" என்று கோபத்தில் சொல்லாதீர்கள். நான் 2014இல் ஒரு மாமாவிடம் சொல்லி, அவர் அந்தத் தடவை பூத்துக்கே போகவில்லை. என் வாய்தான் காரணம், இன்றைக்கும் அவர் சட்டை தைக்க வேறு கடைக்குப் போகிறார். நோட்டா என்பவரிடம் பயம் காட்ட வேண்டாம். நோட்டா முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளர் ஜெயித்ததாகத்தான் அறிவிப்பார்கள் என்று தகவலாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். போகிற நேரமும் முக்கியம். காலை பதினொன்றுக்கு மேல் வேண்டாம், உலை கொதிக்கிற வீட்டில் அரசியல் நிற்காது. சாயங்காலம் ஐந்தரை சரியான நேரம். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேச ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருக்க.

தெரியாத கேள்வி வந்தால் குறித்துக்கொண்டு, பதிலோடு மறுபடி போங்கள். போகாவிட்டால், முதலிலேயே போகாமல் இருந்திருக்கலாம்.

போன தேர்தலில் வில்லாபுரத்தில் ஒரு பெரியம்மா. கூட்டணி, காசு எதையும் கேட்கவில்லை. "கூட்டம் போட்டீங்களே, லீலாவதி பேரைச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகவில்லை. கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனேன்.

"சொன்னாங்க பெரியம்மா. மூணாவதாப் பேசுனவர் சொன்னாராம்."

"மூணாவதாப் பேசுனவரா?" என்றார். சிலிப்பை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெத்தலை எடுக்கும்போது அது வெளியே வந்தது, மறுபடி உள்ளே தள்ளினார்.