“அவரே சொல்லிட்டார்” என்று சொல்வதற்கு முன்

கும்பகோணத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் பேசப் போகும் இளைஞர்கள் அங்கே ஒத்திகை பார்ப்பார்கள். போன மாதம் மூன்று பேரின் பேச்சைக் கேட்டேன். மூவரும், பதினைந்து வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே செய்தார்கள். ஒளியாண்டை நேரம் என்று சொல்வது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதை ஆறாம் வகுப்புப் பிள்ளையே திருத்திவிடும்.

பெயரை ஆதாரமாக வைப்பது

2008-இல் ஜெனீவா பக்கத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுவியை இயக்கத் தொடங்கினார்கள். அந்தச் சூட்டோடு மயிலாடுதுறைக்கு அருகே ஒரு பள்ளியில் பேசினேன். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு, சூப்பர்சிமெட்ரி என்று பெயர், இரண்டு மூன்று வருஷத்தில் கையில் கிடைத்துவிடும் என்று அடித்துச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “யாராவது பார்த்திருக்காங்களா சார்?” என்றாள். “உலகத்துலேயே பெரிய மூளைக்காரங்க சொல்றாங்கம்மா, உட்காரு” என்றேன். பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அந்த வகுப்பில் யாருமே கேள்வி கேட்கவில்லை.

1964-இல் கணித்த ஹிக்ஸ் என்ற வேறொரு துகள் 2012-இல் அதே மோதுவியில் கிடைத்தது. அந்த ஜோடித் துகள்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. கோட்பாட்டாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஊகிப்பது அவர்கள் வேலை. சரியான கேள்விக்கு ஆளின் பெயரைப் பதிலாகக் கொடுத்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஹிக்ஸும் 48 வருஷம் ஊகமாகத்தான் இருந்தது. அளந்த பிறகுதான் உண்மையானது.

இந்தத் தவறில் மாட்டியவர்களில் நம் பக்கத்துப் பிள்ளையும் ஒருவர். சி.வி. ராமன் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர்தான் அந்தப் பிள்ளை. 1935 ஜனவரி 11 அன்று, 24 வயதில், லண்டனில் வானியலாளர்கள் முன்னால் பேசினார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறையைத் தாண்டினால் எந்த நட்சத்திரமும் வெள்ளைக் குள்ளனாக, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரமாக, நிலைக்க முடியாது என்பது அவர் கணக்கு. அடுத்துப் பேசிய எடிங்டன், அன்றைய பெரிய வானியலாளர், நட்சத்திரம் இப்படிக் கோணலாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்றார். சபை சிரித்தது. கணக்கில் பிழை எங்கே என்று யாரும் காட்டவில்லை. நீல்ஸ் போர், பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் பக்கம் நியாயம் இருப்பதைத் தனியே ஒப்புக்கொண்டார்கள். வெளியே வாய் திறக்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல்.

ஆகவே மேடை ஏறியதும் பலகையை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். அளந்தது, அதிலிருந்து கணக்கிட்டது, ஊகம். சொல்லும் ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் எழுதுங்கள்.

இதே கதையைத் தலைகீழாகப் பிடிப்பது

எடிங்டன் தவறினார், எனவே எல்லாப் பெரியவர்களும் பொய் என்று கிளம்புவது. எங்கள் கூட்டத்துக்கு வருஷத்தில் ஒருவராவது “ஐன்ஸ்டைன் தப்பு” என்று தடித்த நோட்டோடு வருவார். மரியாதையாக உட்காரவைத்து ஒன்று மட்டும் கேட்பேன்: நியூட்டனின் கணக்குக்குள் அடங்காமல், புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை) நகர்கிறதே, உங்கள் நோட்டில் அந்த எண் வருகிறதா? ஐன்ஸ்டைன் கணக்கில் வருகிறது. சந்திரசேகரும் எடிங்டனைத் திட்டி ஜெயிக்கவில்லை, யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கை வைத்தார்.

எண் சரி, எடுகோள் தவறு

பூமியின் வயது 2 முதல் 4 கோடி ஆண்டு என்று 1897-இல் இயற்பியலாளர் கெல்வின் சொன்னார். உண்மையில் 450 கோடிக்கும் மேல். கூட்டல் கழித்தலில் தவறில்லை. பூமியின் உள்ளே எல்லாம் இறுகிய திடப்பொருள், வெப்பம் கடத்தல் வழியாக மட்டுமே வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டதுதான் கோளாறு. அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே 1895-இல் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். பாறையைப் படித்த புவியியலாளர்கள் பலர், கெல்வினின் கணிதத்துக்குப் பயந்து தங்கள் எண்களைக் குறைத்துக்கொண்டார்கள்.

சமன்பாடு அழகாக இருக்கிறதே என்பது

அழகை மூன்றாவது கட்டத்தில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஐன்ஸ்டைன் மேற்கோள்

வேண்டாம்.

சரி, அடுத்த சனிக்கிழமை நீடாமங்கலம் பள்ளியில் பேச்சு. சூப்பர்சிமெட்ரியும் பேசலாம், தடையில்லை. சார்ட்டில் கோடு போட்டு எடுத்து வாருங்கள், ஸ்கெட்ச் பேனா நான் கொண்டுவருகிறேன். கேள்வி நேரத்துக்குக் கடைசி இருபது நிமிஷத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். எழுந்து கேட்கும் பிள்ளை பேசி முடிக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள்.